குறைத்துச் சொன்ன எடை

கிளெண்டா டாப்பிங் முப்பது வருடமாகக் கேமராவுக்கும் எடை இயந்திரத்துக்கும் ஒளிந்து வாழ்ந்தவள். அப்படிப்பட்டவளிடம் போய், "ஊசி போட ஆரம்பிப்பதற்கு முன்பு எடுத்த முழு உருவப் படம் ஒன்று அனுப்புங்கள்" என்று கேட்டால் எப்படி இருக்கும்? கேட்டது, மாதாமாதம் அவளுக்கு எடை குறைக்கும் ஊசி அனுப்பி வந்த இணைய மருந்துக்கடை. அப்போது அவள் ஆங்கிலேய ஊரான ஹை விகமின் பேருந்து நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்து முட்டை சாண்ட்விச்சில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மீதியைச் சுற்றி வைக்க முடிகிறதே, அதுதான் அந்த ஊசி செய்த வேலை. முன்பெல்லாம் ஒன்றைத் தின்னும்போதே அடுத்தது எங்கே என்று மண்டைக்குள் ஒரு குரல் நச்சரிக்கும். பேக்கரிக்கு எதிர் நிறுத்தத்தில் வண்டி நின்றால் போதும், குரல் உச்சத்துக்கு ஏறும். பயணிகளுக்குச் சில்லறை கொடுக்கும்போதும் அது ஓயாது. சென்ற கோடையில் ஊசி போட ஆரம்பித்து இரண்டாவது வாரம், ஒரு நாள் காலையில் எழுந்தபோது மண்டைக்குள் சத்தமே இல்லை. பக்கத்து வீட்டில் பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ அணைத்துவிட்டதுபோல் இருந்தது. அன்றைக்கு அவள் கொஞ்சம் அழுதாள்.

எடையும் இறங்கியது, சந்தோஷம்தான். சக்கர நாற்காலியில் யாராவது ஏறவேண்டும் என்றால் ஓட்டுநர் இறங்கிப் போய்ச் சாய்வுப் பலகையைக் கையால் விரித்துப் போடவேண்டும். முன்பு அதைச் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தால் மூச்சு வாங்குவது நிற்க நாலு நிறுத்தம் தாண்டும். இப்போது அப்படி இல்லை. ஆனால் அவளுடைய பயமெல்லாம் குரலைப் பற்றித்தான். பனிக்காலத்தில் ஒருமுறை பார்சல் தாமதமானது. குரல் திரும்பி வந்தது. டிப்போவில் யாருடைய பிறந்தநாளுக்கோ வாங்கி வைத்திருந்த கேக்கை அவள் தனியாக உட்கார்ந்து முக்கால்வாசி தின்றுவிட்டு, பெட்டியை மூடி வைத்துவிட்டு, டூட்டிக்குப் போனாள். அந்த நாளை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு கூசும்.

இப்போது குளிர்சாதனப் பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு ஊசி.

விஷயம் இதுதான். விதிகள் இறுகிவிட்டன. இனி வாடிக்கையாளர் வாயால் சொல்லும் எடையை இணைய மருந்துக்கடை அப்படியே நம்பக்கூடாது, தானே சரிபார்க்க வேண்டும். கிளெண்டாவின் எடை ஊசிக்கான எல்லைக்கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதால், அவள் ஆரம்பத்தில் கோட்டுக்கு மேலேதான் இருந்தாள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஊசி வேலை செய்துவிட்டது, அதனால் ஊசி கிடைக்காது என்கிறார்கள் என்று அவள் புரிந்துகொண்டாள். அது முழுக்கச் சரியில்லை, ஆனால் கடுப்பில் இருப்பவளிடம் யார் எடுத்துச் சொல்வது.

சொல்லிப் பார்த்தான் அவள் கணவன் டெஸ்மண்ட். கம்பளக் கடை வைத்திருக்கிறவன், நகர சபையில் உறுப்பினன், சென்ற மே மாதம்வரை ஒரு வருடம் இந்த ஊரின் மேயராகவும் இருந்தவன்.

"ரூல் நல்லதுக்குத்தான் கிளெண்டா."

"வந்துட்டாருய்யா மேயரு."

"முன்னாள் மேயர். டிப்போல உன் ஃபிரண்டோட பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அந்தப் பெண் குச்சிபோல இருப்பாள். வாய்க்கு வந்த எடையை விண்ணப்பப் பாரத்தில் போட்டு ஊசி வாங்கி, வாந்தி எடுத்து எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திராட்சை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தவளே கிளெண்டாதான். விதிக்குக் காரணம் இருக்கிறது. காரணம் இல்லாத விதியாக இருந்தால் நிம்மதியாகத் திட்டியிருக்கலாம். திட்டவும் வழியில்லாமல் செய்துவிட்டார்களே என்று அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"அவ கூட்டிப் போட்டா. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். "எங்கேயாவது என் போட்டோ இருக்கான்னு தேடு."

தேடினார்கள். தங்கையின் கல்யாணப் படத்தில் கேக்குக்குப் பின்னால் கிளெண்டாவின் தொப்பி தெரிந்தது. டெனரீஃப் கடற்கரையில் குடைக்குப் பின்னால் ஒரு முழங்கை. ஒரு கிறிஸ்துமஸ் படத்தில் நாய்க்குப் பின்னால் நின்றிருந்தாள், நாயும் நல்ல பெரிய நாய். மற்றதெல்லாம் அவளே எடுத்த படங்கள். கேமராவை நம் கையில் வாங்கிக்கொண்டால் யாரும் நம்மைப் படம் எடுக்க மாட்டார்கள் என்பது அவளுடைய நெடுநாளைய தந்திரம். இத்தனை வருடம் பலித்த தந்திரம் இப்போது அவள் கழுத்தையே பிடித்தது.

"டாக்டர்கிட்ட உன் எடை இருக்குமே," என்றான் டெஸ்மண்ட்.

கிளெண்டா எழுந்து போய்க் கெட்டிலின் சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

டாக்டரிடம் எடை இருக்கத்தான் செய்தது. சில வருடங்களுக்கு முன் அங்கிருந்த நர்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டு எடை என்ன என்று கேட்டாள். மனிதர்களை இன்னும் கல் கணக்கில் எடை போடுகிற நாடு இது, ஒரு கல் என்றால் பதினான்கு பவுண்டு, ஆறு கிலோவுக்குச் சற்று மேல். கிளெண்டா "பதினாலு கல்" என்றாள். அவளுக்குப் பதினாலு கல் இருந்தது கல்யாணமான புதிதில். நர்ஸ் நம்பிப் பதிந்துகொண்டாள். கிளெண்டாவைப்போல நல்ல உயரமான பெண்ணுக்குப் பதினாலு கல் என்பது எல்லைக்கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே.

ஆக, டாக்டர் கணக்குப்படி கிளெண்டா இந்த ஊசியை வாங்கத் தகுதியுள்ளவளாக ஒருநாளும் இருந்ததில்லை. மருந்துக்கடைப் பாரத்திலோ, ஆரம்ப எடை பதினாறு கல் என்று போட்டிருந்தாள். டாக்டர் பதிவையும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த கடை, மிக மரியாதையாக ஒரு பதில் அனுப்பியது. தகவல்கள் முரண்படுகின்றனவாம். எடையைக் கூட்டிச் சொல்லி மருந்து பெறுவது ஆபத்தானதாம். இறுதி முடிவுக்கு முன் மருந்தாளர் ஒருவர் வீடியோவில் பேசுவாராம், கிளெண்டா எடை இயந்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தயாராக இருக்க வேண்டுமாம்.

"கூட்டிச் சொன்னேனாம்," என்றாள் கிளெண்டா. "என் வாழ்க்கையில நான் எப்பவாவது எடையைக் கூட்டிச் சொல்லியிருக்கேனா? நீயே சொல்லு டெஸ்."

"உன் எடையை நீ எங்கிட்டயே சொன்னதில்லையே."

"சொல்லணும்னு என்ன இருக்கு? ஊருக்கே தெரியும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஏனென்றால் உண்மையிலேயே ஊருக்கே தெரியும்.

ஹை விகமில் மேயரைத் தராசில் உட்கார வைத்து எடை போடுவார்கள். பதவி ஏற்கும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை. ஊர்ச் சோற்றைத் தின்று கொழுத்தாரா என்று சனங்கள் பார்க்க வேண்டுமல்லவா, அதற்கு. மேயரின் மனைவியும் உட்கார வேண்டும். கடைத்தெரு நடுவில் பித்தளைத் தராசு, அதில் தொங்கும் ஒரு நாற்காலி, பக்கத்தில் செங்கோலோடு கட்டியக்காரர். எடை ஏறவில்லை என்றால் கட்டியக்காரர் எடையைச் சொல்லி, "அவ்வளவுதான்!" என்று கத்துவார், கூட்டம் கை தட்டும். ஏறியிருந்தால் "இன்னும் கொஞ்சம்!" என்பார், கூட்டம் ஓவென்று ஊளையிடும். எல்லாம் விளையாட்டுதான். ஊளையிடுகிறவர்களுக்கு விளையாட்டு.

சென்ற மே மாதம் டெஸ்மண்ட் பதவி இறங்கிய நாளில் கிளெண்டா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "பதினேழு கல், ஆறு பவுண்டு," என்றார் கட்டியக்காரர். அப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்!" தன் பேருந்தில் தினமும் ஏறுகிறவர்கள் ஊளையிட்டதை அவள் பார்த்தாள். சிரித்துக்கொண்டே கையசைத்தாள். அன்று மாலையே இணையத்தில் அந்தக் கடையைத் தேடிப் பிடித்துப் பாரத்தை நிரப்பினாள். எடை என்ற கட்டத்தில் பதினேழு என்று அடித்து, அழித்து, பதினாறு என்று போட்டாள்.

டெஸ்மண்டுக்கு இப்போது மெல்ல விளங்கியது.

"அந்த வீடியோ," என்றான். "யாரோ எடுத்து இன்டர்நெட்ல நம்ம ஊர்ப் பக்கத்துல போட்டிருக்கானே. முழு உருவம், எடை, தேதி எல்லாமே அதுல இருக்கு."

"முடியாது."

"கிளெண்டா..."

"அதை நான் இன்னும் பார்க்கவே இல்ல. பார்க்கவும் மாட்டேன். யாருக்கோ அனுப்பி வைக்கணுமாம். அதுக்கு நான் மறுபடியும் கடைத்தெருவுல போய் உட்கார்ந்துக்கிறேன்."

அன்றைக்கு டீயோடு இரண்டு பிஸ்கட் எடுத்தாள், ஒன்றைத் திரும்ப டப்பாவில் போட்டாள். போட்ட கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஊசி தீர்ந்தால் இந்தக் கை இப்படித் திரும்பப் போடாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். பார்க்காமலே அந்த வீடியோவை அனுப்பிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

மருந்தாளரின் பெயர் ஃபோலா. சின்ன வயசு, பெரிய கண்ணாடி, அசந்து போன முகம். அன்றைக்கு அவள் எத்தனை பேரிடம் இதே கேள்விகளைக் கேட்டாளோ. கிளெண்டா சமையலறை மேசையில் டேப்லட் கணினியைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள். டெஸ்மண்ட் கதவோரம் நின்றான், தலையிடக்கூடாது என்று உத்தரவு.

"நீங்க அனுப்பினதை ஒருதடவை ஓட்டிப் பார்த்துக்கிறேன், சரியா?" என்றாள் ஃபோலா.

சரி என்று சொல்லும் முன்பே ஓட்டிவிட்டாள். டேப்லட் வழியாகக் கடைத்தெரு முழுக்கச் சமையலறைக்குள் வந்து இறங்கியது. பதினேழு கல், ஆறு பவுண்டு. இன்னும் கொஞ்சம். அப்புறம் அந்த ஊளை. கிளெண்டா மேசைத் துணியின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தாள்.

ஃபோலா நிறுத்தினாள். "இது... என்னங்க இது?"

"எங்க ஊர் வழக்கம்மா. கேக்காதே."

"இதுல பதினேழு கல்லுக்கு மேல வருது. நீங்க பாரத்துல பதினாறுன்னு போட்டிருக்கீங்க. டாக்டர் பதிவுல பதினாலுன்னு இருக்கு."

"ஆமா."

"ஊசி வேணும்னு எல்லாரும் கூட்டித்தான் போடுவாங்க. அதைப் பிடிக்கத்தான் நாங்க உட்கார்ந்திருக்கோம். நீங்க ஏன் குறைச்சுப் போட்டீங்க?"

கிளெண்டாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன்னா வெக்கமா இருந்துச்சு. ஒரு மெஷின்கிட்ட உண்மையைச் சொல்லக்கூட வெக்கமா இருந்துச்சு. குண்டுக்கு மருந்து கேட்டுக்கிட்டே, நான் அவ்வளவு குண்டு இல்லன்னு காட்டிக்கணும்னு இருந்துச்சு. இதுக்கு உங்க பாரத்துல ஒரு கட்டம் இருக்கா? இருந்தா டிக் பண்ணிக்கோ."

ஃபோலா கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துவிட்டுக் கொண்டாள். சிரிக்கவில்லை. அதற்காகவே கிளெண்டாவுக்கு அவளைக் கொஞ்சம் பிடித்தது.

"இல்ல, அப்படி ஒரு கட்டம் இல்ல," என்றாள். "சரி, இப்போ எடை பார்த்துடலாம். கேமராவைக் கீழே காட்டுங்க. எண் எனக்குத் தெரியணும்."

கிளெண்டா செருப்பைக் கழற்றினாள். கைக்கடிகாரத்தைக் கழற்றினாள், தோட்டையும் கழற்றினாள். கம்பளிச் சட்டையைக் கழற்றப் போனபோது ஃபோலா, "ஐயோ, அது இருக்கட்டும்," என்றாள். டெஸ்மண்ட் வந்து டேப்லட்டைப் பிடித்துக்கொண்டான். கிளெண்டா இயந்திரத்தில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டாள். பாதத்துக்கடியில் இயந்திரத்தின் கண்ணாடித் தட்டு சில்லென்று இருந்தது. தெருவில் யாரோ குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"பதிமூணு கல், ஒன்பது பவுண்டு," என்று ஃபோலா வாய்விட்டுப் படித்தாள்.

கிளெண்டா இறங்கவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. எடையைச் சொன்ன பிறகு, கடைத்தெருவில் வந்ததுபோல் இன்னொன்று வரும் என்று உடம்பு தானாகவே காத்துக்கொண்டிருந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன.

"எறங்கலாங்க," என்றாள் ஃபோலா. "வேற ஒண்ணும் வேண்டாம். ஆரம்ப எடையைத் திருத்திட்டேன், மருந்து நாளைக்குக் கிளம்பிடும். அவ்வளவுதான்."

டெஸ்மண்ட் டேப்லட்டுக்கு மேலாகக் கிளெண்டாவை எட்டிப் பார்த்தான். அவன் வாயைத் திறந்தான், உத்தரவு ஞாபகம் வந்து மூடிக்கொண்டான்.

"என்ன சொன்னே?" என்றாள் கிளெண்டா, இயந்திரத்தின் மேல் நின்றபடியே.

"மருந்து நாளைக்கு..."

"அது இல்லம்மா. கடைசியா சொன்னியே, அது."

ஃபோலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அவ்வளவுதான்?"

"அதேதான்," என்றாள் கிளெண்டா. "அதைக் கொஞ்சம் சத்தமா சொல்லேன்."