கலங்கரைக்காரனாக யார் நடிப்பது

தேயிலை விலை விழுந்த ஆண்டுகளில் குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் டீ மேக்கராக இருந்தேன். பச்சை இலை வந்து இறங்குவதிலிருந்து தூளாகி மூட்டையில் ஏறுவது வரை என் பொறுப்பு. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்தவன். குவார்ட்டர்ஸில் அலமாரி நிறைய நாவல்கள் வைத்திருந்தேன். ஆனால் நாள் எண்ணிக் காத்திருந்து வாங்கியது, மாதம் ஒருமுறை பஸ் ஸ்டாண்டு கடைக்கு வரும் ஒரு தமிழ் காமிக்ஸ் புத்தகத்தைத்தான். நாற்பத்தெட்டு வயதில் அதைக் கேட்டு வாங்க வெட்கமாக இருக்கும். கடைக்காரர் அதைப் புரிந்துகொண்டு நாளிதழுக்குள் மடித்து வைத்துக் கொடுப்பார்.

மகளின் படிப்புக்காக மனைவி கோயம்புத்தூரில் வீடு பார்த்துப் போயிருந்தாள். படிப்பு ஒரு காரணம், அவ்வளவுதான். என்னோடு இருப்பதில் அவளுக்குப் பேச்சுத் துணை இல்லை என்று போகும்போதே சொல்லிவிட்டுப் போனாள். அது பொய்யில்லை. மழைக்காலத்தில் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். அதற்குப் பிறகு யாரும் என் வாசலுக்கு வந்ததில்லை.

அந்தக் காமிக்ஸின் நாயகன் ஒரு துறைமுகப் போலீஸ் அதிகாரி. அவனை யாருக்கும் பிடிக்காது. படித்தவர்கள் எல்லோரும் வில்லனுக்காகத்தான் படித்தார்கள். ஒரு காலத்தில் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தவன் அந்த வில்லன். கப்பல் வரும் நேரம் பார்த்து விளக்கை அணைத்துப் பாறையில் மோதவிடுவான். அணைப்பதற்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கடலைப் பார்த்து மன்னிப்புக் கேட்பான். நாங்கள் அவனைக் கலங்கரைக்காரன் என்றே சொன்னோம்.

நாங்கள் என்பது நான்கு பேர். முதலில் நான் மட்டும்தான் இருந்தேன். ஒரு நாள் தூள் ருசி பார்க்கும் அறையில் புத்தகத்தை வைத்துவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தபோது இலை வாட்டும் பகுதியில் வேலை பார்த்த ஒருவன் நின்றபடி அதைப் படித்துக்கொண்டிருந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, பதினான்கு வயதில் குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தவன். தொழிற்சாலையைக் கடைசிவரை 'இஸ்டோரு' என்றுதான் சொன்னான். நான் திட்டியிருக்க வேண்டும். எப்படியிருக்கிறது என்று கேட்டுவிட்டேன்.

"போலீசுக்காரன் வர்ற பக்கத்த எல்லாம் தள்ளிட்டுப் படிச்சேங்கய்யா. கத நல்லா ஓடுது" என்றான்.

வெகு நாள் கழித்து அன்றைக்குச் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

பிறகு இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் எங்கள் தொழிற்சாலைக்குப் பச்சை இலை கொண்டுவந்து போட்ட படுகர் விவசாயி. எல்லோரும் அவரைக் கவுடர் என்போம். இன்னொருவர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்ற கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். விலை விழுந்ததும் பலர் இலை பறிப்பதையே விட்டுவிட்டார்கள். லாரி பாதி காலியாக வந்தது. இலையைப் பரப்பி அடியிலிருந்து சூடான காற்று விட்டு வாட்டும் நீளமான தொட்டிகளில் கடைசி இரண்டு எப்போதும் வெறுமையாகக் கிடந்தன. ஆனாலும் பக்கத்துத் தொட்டியின் சூடு அங்கே வரும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வெறும் தொட்டியின் விளிம்பில் கால் தொங்கப்போட்டு உட்காருவோம். நான்கு பேருக்கும் ஒரே புத்தகம். அந்த மலையில் குளிராமல் உட்கார எனக்கு அந்த ஒரு இடம்தான் இருந்தது.

ஒரு மாதம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அறிவிப்பு வந்தது. சென்னையில் ஒரு படக் கம்பெனி கலங்கரைக்காரனை மட்டும் வைத்துத் தனியாக ஒரு படம் எடுக்கப்போகிறது. போலீஸ் அதிகாரி அதில் இல்லை. யார் நடித்தால் பொருத்தமாக இருக்கும் என்று வாசகர்கள் எழுத வேண்டும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்தப் பெரிய மீசக்காரரப் போடு. தியேட்டர்ல விசில் பறக்கும்" என்று கவுடர் ஆரம்பித்தார்.

"ஏனுங்க கவுடரே, கலங்கரைக்காரனுக்கு மீசையே இல்லீங்களே" என்றார் வெடிமருந்துக்காரர்.

"வரஞ்சவனுக்கு மை தீந்து போச்சோ என்னமோ."

"நல்லா இருக்குதுங்க உங்க நாயம். நாஞ் சொல்றதக் கேளுங்க. பம்பாய்ல ஒருத்தரு இருக்காருங்க, பூனக்கண்ணு. சும்மா வந்து நின்னாலே போதுமுங்க."

"அவருக்குத் தமிழ் யாரு பேசறது? நீங்களா?"

"பேசுனா என்னங்க? முப்பது வருசம் மிசினுக்கு மேல கத்திப் பழகுன தொண்டைங்க இது."

நான் சென்னையில் நாடகங்களில் நடிக்கும் ஒருவரைச் சொன்னேன். கண்ணிலேயே நடிப்பவர் என்று கொஞ்சம் விளக்கமும் கொடுத்தேன். "டீமேக்கர் ஐயா சொல்ற ஆளு நடிச்சா, ஐயா ஒருத்தருதான் டிக்கெட் எடுப்பாரு" என்றார் கவுடர்.

மூன்று ஞாயிறு இப்படியே போனது. இலை வாட்டும் பகுதியில் இருந்த அவன் மட்டும் எந்தப் பெயரும் சொல்லவில்லை. கடைசியில் வெடிமருந்துக்காரர் விடாமல் பிடித்துக்கொண்டார். "ஏப்பா, நீ வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கற?"

"யாரப் போட்டாலும் சரிதாங்க. ஆனா அவன் கத்தக் கூடாது. தான் கெட்டவன்னு அவனுக்கே தெரியும். தெரிஞ்சவன் எதுக்குங்க கத்துறான்?"

சொல்லிவிட்டு இறங்கினான். தலையிலிருந்த கம்பளிக் குல்லாவைக் கழற்றினான். வெறும் தொட்டிகளைப் பார்த்து நின்று, "மன்னிச்சுக்கங்க" என்றான். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல் அவ்வளவு மெதுவாகச் சொன்னான். பிறகு கையை நீட்டி ஒரு விளக்கின் திரியைத் தணிப்பதுபோல் விரல்களைத் திருப்பினான்.

யாரும் சிரிக்கவில்லை.

"அட, ஆளு இங்கியே இருக்குதுங்களே. நாம பம்பாய் வரைக்கும் போயிட்டமுங்க" என்றார் வெடிமருந்துக்காரர். கவுடர் புத்தகத்தைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். புதுமுகங்களும் புகைப்படத்துடன் எழுதலாம் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

அவனுக்கு நடிப்பு புதிதல்ல. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தவர்கள் மாசி மாதம் காமன் கூத்து ஆடுவார்கள். இலங்கையிலிருந்து கூடவே கொண்டுவந்த கூத்து அது. அதில் அவன்தான் எமன். நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். மற்ற வேடக்காரர்கள் குதித்துக்கொண்டு வந்தார்கள். அவன் நடந்து வந்தான். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த பெண்கள் தங்களுக்கே தெரியாமல் ஓரடி பின்னால் போனார்கள்.

குன்னூர் ஸ்டூடியோவில் இரண்டு படம் எடுத்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தான். "இஸ்டோர மூடிருவாங்கன்னு கதைக்கிறாங்க. எனக்குத் தெரிஞ்சது எல கிளர்றதும் வேசம் கட்டுறதுந்தாங்கய்யா. எலதான் இல்லன்னு ஆயிப்போச்சு. நீங்க எழுதுனா அவங்க படிப்பாங்க."

எழுதினேன். மூன்று பக்கம். நான் எழுதியவற்றில் அதற்கு இணையாக வேறொன்றைச் சொல்ல மாட்டேன்.

எங்கள் தொழிற்சாலையில் வெளியே போகும் கடிதங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏலத்துக்கு முன்னால் ருசி பார்க்க அனுப்பும் தூள் டப்பாக்களோடு ஒரே கித்தான் பையில் போட்டு, வாரத்துக்கு ஒருமுறை ஜீப்பில் குன்னூருக்கு அனுப்புவோம். தூள் மாறிவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பையை டீ மேக்கர் தன் கையால் கட்டி அரக்கு வைக்க வேண்டும். நான் அரக்கு வைத்த பிறகு வேறு யாரும் திறக்க முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

அவன் கண்முன்னால் உறையைப் பையில் போட்டுக் கட்டினேன். கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனான். இலை வாட்டும் மேல்தளத்துக்கு அவன் மரப்படி ஏறும் சத்தம் நின்றதும் கட்டை அவிழ்த்தேன். உறையை எடுத்தேன். மறுபடி கட்டி அரக்கு வைத்தேன். ஜீப் போன பிறகு உறையை, தூளை உலர்த்தும் டிரையரின் விறகு அடுப்பில் போட்டேன். படங்களும் அதற்குள்தான் இருந்தன.

ஏன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். அவனைக் கூப்பிட்டால் போய்விடுவான், எனக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போய்விடும் என்பது ஒன்று. பல வருடம் வாசகர் கடிதம் எழுதிய நான் கலங்கரைக்காரனைப் பற்றி ஒருமுறைகூடச் சொல்லாததை அவன் இரண்டு வரியில் சொல்லிவிட்டான் என்பது இன்னொன்று. சென்னையில் யாரோ அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள், அதிலிருந்து காப்பாற்றுகிறேன் என்றும் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். முதல் இரண்டில் எது பெரியது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது பொய் என்று மட்டும் தெரியும்.

ஜீப் திரும்பும் நாளெல்லாம் அவன் படிக்கட்டின் நடுவில் வந்து நின்றான். எதுவும் கேட்க மாட்டான். நான் தலையை ஆட்டியதும் திரும்பி மேலே ஏறுவான். இரண்டு மாதம் ஆனது. அவன் அப்படி நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் அறைக்குள் கூப்பிட்டேன்.

"பதில் வந்துச்சு. வேற ஆளப் போட்டுட்டாங்களாம்."

"என்ன கொறைன்னு எழுதியிருந்தாங்களா?"

குறை ஒன்றும் எழுதவில்லை என்று சொல்லியிருக்கலாம். "முகம் பத்தாதாம்" என்று என் வாயில் வந்துவிட்டது.

"காயிதத்தப் பாக்கலாங்களா?"

"நீ வருத்தப்படுவேன்னு கிழிச்சுப் போட்டுட்டேன்."

நம்பினான். நான் சொன்னால் நம்புவான். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தொட்டிப் பக்கம் வரவில்லை. கவுடர் தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டு எமரால்டு என்ற ஊர்ப் பக்கம் தம்பியோடு கேரட் போடப் போனார். வெடிமருந்துக்காரரை மகன் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எதைக் காப்பாற்றிக்கொள்ள அந்தக் கட்டை அவிழ்த்தேனோ, அது மூன்று மாதம்கூட என்னிடம் தங்கவில்லை. வெறும் தொட்டியில் நான் மட்டும் உட்கார்ந்து படித்தேன். சில ஞாயிறுகளில் படிக்கவும் இல்லை.

மாசி வந்தது. உருட்டும் எந்திரத்தில் வேலை பார்த்த ஆள் ஒரு காலையில் என்னிடம் சொன்னார். "எமன் வேசத்துக்கு வேற ஆளு தேடுறாங்கய்யா. அவன் கட்ட மாட்டேங்குறான். மெட்ராசுல பாத்துட்டு மொகம் பத்தாதுன்னுட்டாங்களாம். நம்ம சனத்துக்கு முன்னால மட்டும் இந்த மொகத்த எதுக்குத் தூக்கிட்டு வரணும்னு கேக்குறான்."

அவன் அப்போது எனக்கு மேலே, பலகைத் தளத்தில் நடந்துகொண்டிருந்தான். பத்துப் படி ஏறிப் போய்ச் சொல்லியிருந்தால் அந்த மாசியே வேடம் கட்டியிருப்பான். உருட்டு எந்திரத்தில் சத்தம் வேறு மாதிரி கேட்கிறது, போய்ப் பார் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

அடுத்த மழைக்கு முன் தொழிற்சாலையை மூடினார்கள். திருப்பூருக்குப் போகும் குடும்பங்களோடு அவனும் போனான். லாரி ஏறுவதற்கு முன் என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்று, "எனக்காக ஒக்காந்து எழுதுனீங்க. அது போதுங்கய்யா" என்றான். பார்த்துப் போ என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அந்தப் படத்தை யாரும் எடுக்கவில்லை. காமிக்ஸும் நின்றுபோனது. கடிதம் போயிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்று பல வருடம் இதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் படம் நின்றுவிட்டது என்று நான் அவனிடம் சொல்லவில்லை. முகம் பத்தாது என்று சொன்னேன்.

பொங்கலுக்குப் பொங்கல் அவன் போன் செய்வான். நலமா, குளிர் எப்படி, இரண்டு நிமிடம். இரண்டு வருடத்துக்கு முன் பேசும்போது, திருப்பூரில் நம் சனங்கள் ஒரு தெருவாகவே ஆகிவிட்டார்கள், அங்கேயே காமன் கூத்து ஆடுகிறார்கள் என்றான். நீ கட்டுகிறாயா என்று கேட்டேன். "வருசா வருசம் கூப்புடுறாங்க. அது எனக்கு அமையாதுன்னுதான் அன்னிக்கே தெரிஞ்சு போச்சேங்கய்யா" என்று சிரித்தான்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அவனுக்கும் அறுபது ஆகிறது. சொன்னேன். பையைக் கட்டியது, அவிழ்த்தது, அடுப்பு, வராத பதில், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

அவனுக்குப் பின்னால் தையல் எந்திரங்கள் ஓடும் சத்தம் வந்தது.

"அப்ப மொகம் பத்தாதுன்னு யாருஞ் சொல்லலையா?"

"யாரும் சொல்லல. நாந்தான் சொன்னேன்."

"அந்தக் காயிதத்துல என்னங்க எழுதியிருந்தீங்க?"

நினைவில் இருந்ததைச் சொன்னேன். இவர் வேடம் கட்டுவதில்லை, வேடம் வந்து இவரிடம் அடங்குகிறது என்று எழுதியிருந்தேன். இவர் மெதுவாகப் பேசும்போது எதிரில் இருப்பவன் தன் குற்றத்தை நினைத்துக்கொள்கிறான் என்று எழுதியிருந்தேன். இந்த முகத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு வேறு முகம் தேடத் தோன்றாது என்று முடித்திருந்தேன்.

"நெசமாத்தான் அப்புடி எழுதுனீங்களா? இல்ல, இப்ப எனக்காகச் சொல்றீங்களா?"

"அப்போ எழுதினதுதான்."

அவன் நம்பினானா என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னால் நம்புகிறவன் என்று இனி என்னால் எழுத முடியாது. "வைக்கிறேங்க" என்றான். ஐயா என்று சொல்லவில்லை.

அடுத்த பொங்கலுக்குப் போன் வரவில்லை. இந்தப் பொங்கலுக்கும் வரவில்லை. நானாகக் கூப்பிடவில்லை. அவன் இப்போது வேடம் கட்டுகிறானா என்று விசாரிக்க அந்தத் தெருவில் எனக்கு வேறு யாரையும் தெரியாது.