முன்வரிசை நாற்காலி

ஞானமுத்து இருபத்திரண்டு வருஷம் நாற்காலி சுமந்தவன். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் கோயிலுக்குப் போகும் ஒவ்வொரு துரைசானிக்கும் சொந்த நாற்காலி உண்டு. ஞாயிறு விடிந்ததும் அதை வீட்டிலிருந்து தலையில் கொண்டுபோய், அந்தஸ்து பார்த்து வரிசையாகப் போட வேண்டும். ஆராதனை முடிந்ததும் திரும்பச் சுமக்க வேண்டும். கடவுள் முன்னால் எல்லாரும் சமம் என்று உள்ளே பிரசங்கம் நடக்கும். நாற்காலி சுமந்தவன் வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொள்ளலாம்.

இங்கிலீஷ்காரர்கள் கோட்டையைப் பிடித்ததும் ஒல்லாந்தப் பாதிரி கப்பலேறிவிட்டார். கோயில் கூரை ஒழுகியதால் புதிய துரைகள் துணிக் கிட்டங்கியில் மூட்டைகளை ஒதுக்கிவிட்டு, அங்கே தங்கள் முறைப்படி ஆராதனை வைத்தார்கள். வருஷத்துக்கு இரண்டு தரம் சென்னப்பட்டணத்துப் பாதிரி படகில் வந்து மூன்று வாரம் தங்குவார், மற்ற ஞாயிறுகளில் துரைகளே ஜெபம் வாசிப்பார்கள். போக்கிடம் இல்லாத ஒல்லாந்த விதவைகளும் அங்கேயே வந்து உட்கார்ந்தார்கள். கொடி மாறியது, ஞானமுத்துவின் சுமை மாறவில்லை.

அவனுக்கு ஒரே மகள், செசிலியா. கேப்டன் துரை வீட்டில் துணி தைத்துக்கொண்டிருந்தாள். பசியாவரம் தீவுப் படகுக்காரன் பாக்கியநாதனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். இங்கிலீஷ் கோயில் முறையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபை நடுவே மணமக்கள் பேரை வாசிக்க வேண்டும். குறை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். தான் ஒருநாளும் உட்காராத இடத்தில் மகள் பேரைப் பாதிரி வாசிக்கப்போகிறார் என்றதும் ஞானமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் தீவிலிருந்து வந்து, கிட்டங்கி ஜன்னலோரம் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள்.

இரண்டு வாரம் நல்லபடியாகப் போனது. மூன்றாவது ஞாயிறு, பல மாதமாகக் காய்ச்சலில் கிடந்த மூத்த ஒல்லாந்த விதவை தானும் வருவதாகச் சொல்லியனுப்பினாள். ஞானமுத்து பழக்க தோஷத்தில் அவள் நாற்காலியை முன்வரிசை நடுவில் போட்டான். இருபது வருஷமாக அது இருந்த இடம் அதுதான். விதவை வராத மாதங்களில் அங்கே கிடந்த கேப்டன் மனைவியின் நாற்காலி இரண்டாம் வரிசைக்குப் போனது.

கேப்டன் மனைவி தாமதமாக வந்தபோது பாதிரி பேர் வாசிக்கத் தாளைக் கையில் எடுத்திருந்தார். தன் நாற்காலி கிடந்த இடத்தைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தாள். கேப்டன் எழுந்து பின்னாலேயே போனான், சிப்பாய்களும் போனார்கள். பாதிரி தாளை மடித்து வைத்துவிட்டு, மறுநாள் காலையில் படகேறிவிட்டார்.

ஜன்னலோரம் இருந்தவர்களுக்கு நாற்காலி எங்கே தெரிந்தது? பெண்ணின் பேரை வாசிக்கப்போகும் நேரத்தில் அவள் வேலை செய்யும் வீட்டுத் துரைசானி கோபமாக வெளியேறியது மட்டும்தான் தெரிந்தது. அந்தத் துரையும் பதறிப்போய் ஓடினான். அவர்களுக்கு இது போதாதா? துரைக்கும் செசிலியாவுக்கும் தொடுப்பு என்று பசியாவரம் முழுக்க அன்றைக்கே பேச்சாகிவிட்டது.

ஞானமுத்து கேப்டன் வீட்டுப் பின்வாசலில் போய் நின்றான். துரைசானியம்மா மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கெஞ்சினான். அடுத்த வாரம் நாற்காலி சரியான இடத்தில் இருக்கட்டும் என்று சமையல்காரன் மூலம் பதில் வந்தது.

கடைசியில் அவனே பசியாவரம் போனான். மாப்பிள்ளையின் தாய் சூசையம்மாள் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, கோபப்படாமல்தான் பேசினாள்.

"ஆண்டவரைக் கும்புட வந்தவங்க ஒரு நாக்காலிக்கோசரம் எழுந்து போவாங்களா, அண்ணே? பொண்ணைக் காப்பாத்தணும்னு நெனைக்கிறே, அது நியாயந்தான். அதுக்குன்னு இப்டியா பொய் சொல்லுவே?"

அவன் படகுக்குத் திரும்பி நடந்தான். மணலில் உட்கார்ந்து கும்பிடுகிறவளிடம் வேறு எப்படித்தான் சொல்வது?

தீவில் பேசிக்கொண்டது பத்தே நாளில் கேப்டன் மனைவியின் காதுக்கும் எட்டியது. செசிலியாவை வேலையை விட்டு நிறுத்தினாள். ஊர் அதையே சாட்சி என்று எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவளைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை.