வேம்புலியம்மாள் தோற்ற தேர்தல்

வேம்புலியம்மாளைத் தேர்தலில் நிறுத்தியது கட்சியும் இல்லை, காசும் இல்லை. அவள் வாய்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் அவளும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பேக்கிங் செய்தோம். யாராவது கருவைக் கலைப்பது பற்றிப் பேச்செடுத்தால் போதும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டுச் சண்டைக்கு வந்துவிடுவாள்.

"வயித்துல வந்துட்டா அது உசுரு. அத்த எடுக்க நீ யாரு, நான் யாரு?"

அவள் மகள் வடிவு வயிற்றில் இருந்தபோது கணவனின் கம்பெனியில் கதவடைப்பு. 1980 அது. சோற்றுக்கே வழியில்லை, பிள்ளை எதற்கு என்று வீட்டார் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். பூந்தமல்லியில் பஸ் நின்றதும் இவள் இறங்கி வீட்டைப் பார்க்க நடந்துவிட்டாள். அதற்கு வாங்கிய அடியைப் பற்றிச் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள்.

அவள் சொன்னதெல்லாம் எனக்குச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். எந்த நிலைமையிலும் கூடாது என்றால் எப்படி என்று கேட்டு நானே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் புத்தி சொல்லிவிட்டு நழுவுகிற ஜாதி இல்லை அவள். பிரசவத்துக்குக் கூட நிற்பாள், கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோவாள், அழுகிற பிள்ளையை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொள்வாள்.

1996 உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். வேம்புலியம்மாள் சுயேச்சையாக மனுப் போட்டாள். தையல் மிஷின் சின்னம். அவள் கேட்டது இரண்டே விஷயம். மெயின் ரோட்டு நர்சிங் ஹோமில் ஸ்கேன் பார்த்துப் பெண் என்றால் கலைப்பதை நிறுத்த வேண்டும். வேலைக்குப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப்போக ஓர் இடம் வேண்டும். ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாதென்று சட்டமே வந்துவிட்டதாம். எங்கள் தெருவரைக்கும் அது வந்து சேரவில்லை.

பக்கத்துத் தெரு சம்பத் எங்களுக்காகத் தன் ஆட்டோவில் மைக் கட்டி ஓட்டினான். ஏற்கெனவே இரண்டு பெண் பிள்ளைகள். மனைவி தாட்சாயிணிக்கு மூன்றாவது, நாலு மாதம். இதுவும் பெண் என்று ஸ்கேனில் சொல்லிவிட்டார்கள். கலைக்க நாள் குறித்துவிட்டு வந்து நின்றவனிடம் வேம்புலியம்மாள் கெஞ்சினாள்.

ஓட்டுக் கேட்டு வருபவர் கையில் பிள்ளையைக் கொடுத்துப் பேர் வைக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். ஜெயிக்கிற கை வைத்த பேர் என்றால் ராசி. சம்பத் அதைப் பிடித்துக்கொண்டான்.

"எலக்சன் முடியட்டுங்கா. நீ ஜெயிச்சா அது ராசியான புள்ள, பெத்துக்கினு உன் கையில குடுக்கறோம், நீயே பேரு வை. தோத்துட்டா என்னை ஒண்ணும் கேக்காத."

"சரி நைனா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தாட்சாயிணி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து வேம்புலியம்மாள் ஓட்டுக் கேட்கவில்லை, பிச்சை கேட்டாள்.

ஜெயித்துவிடுவாள் போலத்தான் இருந்தது. அப்போதுதான் ஒரு பத்திரிகை நிருபர் வந்தார். அவர் பத்திரிகையில் அந்த நர்சிங் ஹோம் விளம்பரம் வாராவாரம் வரும். வெகு நேரம் கேட்டார், எழுதிக்கொண்டார், காபியும் குடித்தார். மறுநாள் கொட்டை எழுத்தில் வந்தது: "குடும்பக் கட்டுப்பாடு கூடாது! பெண்களை அடுப்படிக்குத் துரத்தும் வேட்பாளர்!" குழந்தைகளுக்கு இடம் கேட்டது பற்றி ஒரு வரி இல்லை. எதிர்த்து நின்றவளுக்கு அதே பக்கத்தில் புதுமைப் பெண் பட்டம், பெரிய படம். இரண்டாவது பிள்ளையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆப்பரேஷன் செய்துகொண்டவள் வேம்புலியம்மாள். அதை அவரிடம் சொல்லியும் இருந்தாள். அந்தக் காபியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வீடு வீடாகப் போனோம்.

"ஆப்பரேஷன் பண்ணிக்கினவங்கள்லாம் கொலகாரிங்களா?" என்று தெருக்கோடி எல்லம்மா எங்களை வாசலிலேயே நிறுத்தினாள்.

"நான் அப்டி சொல்லவே இல்லமா."

"பேப்பர்ல போட்டு கீது. அவன் இன்னா, பொய்யா எழுதுவான்?"

பத்திரிகை அலுவலகத்துக்கும் போனோம். மறுப்பு வேண்டுமானால் தேர்தலுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். தேர்தலுக்குப் பிறகு யாருக்கு வேண்டும் அந்த மறுப்பு?

கொஞ்சம் ஓட்டில்தான் தோற்றாள். எண்ணுகிற இடத்தில் அழவில்லை. என்னை இழுத்துக்கொண்டு சம்பத் வீட்டுக்கு ஓடினாள். வீடு பூட்டியிருந்தது. அவள் தோற்கப்போகிறாள் என்று மத்தியானமே தெருவுக்குச் சேதி வந்துவிட்டதாம். நர்சிங் ஹோமுக்குப் போகலாம் என்றேன்.

"தோத்தா கேக்க மாட்டேன்னு கை குடுத்துட்டனே" என்று படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது சாய்கிற நேரம் ஆட்டோ வந்தது. சம்பத் எங்களைப் பார்க்காமல் கதவைத் திறக்கப் போனான். தாட்சாயிணி சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தாங்கப்போன வேம்புலியம்மாளின் கையை விலக்கினாள்.

"நீ எலக்சன்ல நிக்காமலே இருந்திருக்கலாங்கா. நான் அவரு கால்ல உய்ந்து அழுதிருப்பேன். மனசு எறங்கியிருப்பாரு. நீயும் அவருமா சேந்து என் புள்ளைய எலக்சன்ல வச்சி ஆடிட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

வேம்புலியம்மாள் வாயைத் திறப்பதற்குள் தாட்சாயிணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.