கலந்துபோன நானூறு வருடம்

எழிலரசி முதன்முதலில் கடலைப் பார்த்தபோது அவளுக்கு வயது இருபத்திரண்டு. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் அப்பா காளியப்பனுக்கு இரண்டு ஏக்கர் மரவள்ளிக் காடு. சேலத்தில் ஜியாலஜி எம்.எஸ்ஸி. முடித்த கையோடு, ஒரு கடலாய்வு நிறுவனத்தில் திட்ட உதவியாளர் வேலை கிடைத்தது. வாங்கித் தந்தவன் பிரபாகர். கம்பைநல்லூர்க்காரன், அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தவன். "எங்க ஊர்ப் பக்கத்துப் பொண்ணு சார், கை சுத்தம், பொறுமை ஜாஸ்தி" என்று பேராசிரியரிடம் அவளுக்காக அவன்தான் பேசினான்.

வேலைக்குப் பொறுமைதான் முதல் தகுதி. கடலின் அடியில் குழாயை இறக்கி எடுத்த சேறு, ஐந்து மீட்டர் நீளத்துக்குத் தூண்போல் வரும். மேலே இருப்பது நேற்றுப் படிந்தது, கீழே போகப் போகப் பழையது. இரண்டு சென்டிமீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய நூறு வருடத்துக்கு, ஒரு துண்டாக அதை வெட்டி, சல்லடையில் கழுவினால் மணலைவிடச் சன்னமான வெள்ளை ஓடுகள் மிஞ்சும். ஒரு காலத்தில் கடலில் மிதந்த ஒற்றைச் செல் உயிர்களின் கூடுகள் அவை. அந்த உயிர் வாழ்ந்தபோது தண்ணீர் சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா, மழைக்காலம் வலுத்ததா, ஓய்ந்ததா என்பது ஓட்டிலேயே பதிந்திருக்கும். கறுப்புத் தட்டில் பரப்பி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, ஈரத் தூரிகையின் நுனியால் ஒரே இனத்தைச் சேர்ந்த இருபத்தைந்து ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்லைடில் வைக்க வேண்டும். மற்றதை இயந்திரம் சொல்லும்.

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாவது அலையில் நிறுவனத்தை மூடினார்கள். பேராசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, பிரபாகர் மைக்ரோஸ்கோப்பையும் சேற்றுப் புட்டிகளையும் காரில் கொண்டுவந்து எழிலரசியின் வீட்டில் இறக்கினான். இயந்திரம் வேறொரு ஊரில் இருந்தது. அதில் அவனுக்குக் கிடைத்திருந்த நாள் ஜூன் ஏழாம் தேதி. அதை விட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

"முடிச்சிடுவியா எழிலு?"

"முடிச்சிடறங்க அண்ணா."

ஒரு ஸ்லைடை முடித்து மூடிய பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும் என்பது வேலையின் விதி. ஜூன் இரண்டாம் தேதி மத்தியானம் அவள் நான்கைத் திறந்து வைத்திருந்தாள். எண்பத்து நான்காவது சென்டிமீட்டரிலிருந்து தொண்ணூற்று இரண்டு வரை. நான்கிலும் ஓடுகள் ஒரே இனம்தானா என்று கடைசியாக ஒருமுறை சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கரன்ட் போனது. வியர்த்துக் கொட்டியது. கரன்ட் வந்தால் தெரியட்டும் என்று, எப்போதும் அணைத்தே வைத்திருக்கும் ஃபேன் சுவிட்சைப் போட்டுவிட்டு, முகம் கழுவப் புறக்கடைக்குப் போனாள். திரும்பி வரும்போது ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

சிதறிய ஓடுகளை மேஜை மேலும், மண்டியிட்டுத் தரையிலும் தேடினாள். பொழுது சாய்வதற்குள் நூறில் எண்பத்து இரண்டு ஓடுகள் கிடைத்தன. எது எந்த ஆழத்தைச் சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மீதி மண் புட்டிகளில் இருந்தது. புதிதாகப் பொறுக்க நான்கு நாள் பிடிக்கும்; இன்னும் தொடாத ஆழங்கள் வேறு இருந்தன, ஜூன் ஏழுக்குள் முடியாது. இல்லாவிட்டால் பிரபாகருக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். போனைக் கையில் எடுத்தாள். 'கை சுத்தம்' என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. போனை வைத்துவிட்டாள். எண்பத்து இரண்டையும் நான்காகப் பிரித்து ஸ்லைடுகளில் வைத்து மூடி, நோட்டில் எல்லா ஆழத்துக்கும் எழுதுவதுபோலவே 'சரி' என்று எழுதினாள்.

நிறுவனம் திறந்த பிறகு, ஒரு நாள் பிரபாகர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். வரைபடத்தில் கோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கி வந்து ஓரிடத்தில் மட்டும் தரையில் படுத்தாற்போல் நேராகக் கிடந்தது.

"பாத்தியா, நாலு புள்ளியும் ஒண்ணாவே இருக்குது. நானூறு வருஷம் கடல் அசையவே இல்ல" என்றான். அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

அசையாமல் இருக்குமா? கலந்துவிட்டால் நான்கும் ஒன்றாகத்தான் இருக்கும். அன்றும் அவள் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேர்க்கோட்டை வைத்து அவன் ஓர் அத்தியாயமே எழுதினான். கருத்தரங்கில் பேசிக் கைதட்டு வாங்கினான். ஒவ்வொரு இடத்திலும் அவள் பெயரைச் சொல்லி நன்றி சொன்னான். அந்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்காது. ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது.

2023 தைப்பொங்கல் விடுமுறையில் கம்பைநல்லூருக்கு வரச் சொன்னான். அவன் அம்மா காவேரி உள்ளே சமைத்துக்கொண்டிருந்தார். முன்னறையில் பிரபாகர் ஒரு கடிதத்தைக் காட்டினான். அந்த அமைதிக் காலம் கடலில் எவ்வளவு தூரத்துக்குப் பரவியிருந்தது என்று பார்க்க, ஆய்வுக் கப்பலை அதே இடத்துக்கு அனுப்பக் கேட்டு அவனும் பேராசிரியரும் எழுதியிருந்தார்கள். வெளியிடுவதற்காக எழுதியிருந்த கட்டுரையில் அவள் பெயரை இரண்டாவதாகப் போட்டிருந்தான்.

"கப்பல் வேணாங்க அண்ணா" என்றாள்.

"ஏன்?"

சொன்னாள். ஃபேனை, எண்பத்து இரண்டு ஓடுகளை, நோட்டில் எழுதிய 'சரி'யை, எதையும் விடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவன் கடிதத்தை மடித்து வைத்தான்.

"நோட்டுல ஏன் எழுதல?"

"பயந்துட்டங்க."

"நாலும் அச்சடிச்ச மாதிரி இருக்குதே, திரும்பப் பண்ணிப் பாருன்னு சார் அப்பவே சொன்னாரு. தேவையில்லைங்க சார், எழிலு பொறுக்கினதுன்னேன்."

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"சாருகிட்ட நானே சொல்லிடறங்க. அந்த நாலையும் நானே மறுபடி பொறுக்கித் தர்றங்க" என்றாள்.

"வேணாங்க" என்றான். "நீங்க பொறுக்க வேணாம்."

அதுவரை அவளை 'நீ' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பிடாமல் கிளம்பி பஸ் ஏறினாள்.

அடுத்த வாரம் பேராசிரியரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் ஒரு வருடத்துக்கு அவளை மைக்ரோஸ்கோப்பில் உட்காரவிடவில்லை. சல்லடை கழுவும் வேலை கொடுத்தார். நீளவாக்கில் பிளந்து குளிர் அறையில் வைத்திருந்த சேற்றுத் தூணின் மறுபாதியிலிருந்து அந்த நான்கு ஆழங்களையும் புதிதாக வெட்டினார்கள். தேவிப்பிரியா என்ற புதிய உதவியாளர் பொறுக்கினாள். முடிவு வந்தபோது, ஐந்து மீட்டர் சேற்றிலும் மிகப் பெரிய ஏற்ற இறக்கம் அந்த எட்டு சென்டிமீட்டரில்தான் இருந்தது. மழைக்காலம் அடியோடு ஓய்ந்து, பிறகு திமிறி எழுந்த காலம் அது. அதைத்தான் அவள் தரையில் பொறுக்கித் தட்டையாக்கியிருந்தாள். பிரபாகர் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டு வேறு எழுதினான். பட்டம் எட்டு மாதம் தள்ளிப்போனது. கட்டுரையில் அவள் பெயர் இல்லை. அவளும் கேட்கவில்லை.

போன ஆவணியில் கம்பைநல்லூரில் அவனுக்குக் கல்யாணம். பத்திரிகை தபாலில் வந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்று பத்து நாள் யோசித்து, கடைசியில் போனாள். மேடையில் கை குவித்தவன், "வாங்க, சாப்ட்டுட்டுப் போங்க" என்றான். அதற்குமேல் பேச்சில்லை.

பந்தியில் காவேரியே வந்து அவள் இலையில் ரசம் ஊற்றினார்.

"அன்னிக்கு நீ சொன்னதெல்லாம் அடுப்பாண்ட நின்னு கேட்டுட்டுதான் இருந்தன்" என்றார். எழிலரசியின் கை இலையிலேயே நின்றது. "எட்டு மாசம் எம்மவன் சரியாத் தூங்கல. உனக்கும் தெரியட்டும்னு சொல்றன்."

"தப்புதாங்கம்மா."

"தப்புதான்" என்றார் காவேரி. "ரசம் ஆறுது, சாப்புடு."