நெய்க்குப் பயந்தவன்

அப்பா இரண்டாவது மாரடைப்பில் போனபோது எனக்கு வேலை கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காரியம் முடிந்து ஹைதராபாத் திரும்பியதும் முதல் வேலையாக எண்ணெய் பாட்டிலைப் பக்கத்து ஃபிளாட்காரரிடம் கொடுத்தேன். நெய், தேங்காய், முட்டை, கடலை எல்லாவற்றையும் தலைமுழுகினேன். எனக்கும் அவர் நெஞ்சுதானே, அவர் ரத்தம்தானே!

நான் குடியிருந்த கொண்டாப்பூரில் அப்போது பாறைகளை வெடிவைத்து உடைத்துக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். கூடத் தங்கியிருந்தவன் அமெரிக்கா போய்விட்டான். வீட்டில் நானும் குக்கரும்தான். வேகவைத்த காய், கொஞ்சம் சோறு, நீர்மோர். அம்மா ஊரிலிருந்து ஃபோனில், "எய்யா, எண்ணெ சேக்கலையே?" என்று கேட்பாள். "சத்தியமா இல்லம்மா" என்பேன். அதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சு நீளாது.

ஆபீஸில் முதலில் ஸ்லிம்மாகிவிட்டேன் என்று பாராட்டினார்கள். பெல்ட்டில் புது ஓட்டைகள் போட ஆரம்பித்த பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. படியேறினால் மூச்சு வாங்கியது, விரல்கள் ஜில்லிட்டன. சரிதான், அப்பாவின் வியாதி வந்துவிட்டது என்று இருந்த சோற்றையும் குறைத்தேன். எப்பேர்ப்பட்ட புத்திசாலி பாருங்கள்!

ஒரு மதியம் கேண்டீன் வரிசையில் சுருண்டு விழுந்தேன். ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்த டாக்டர், என்னை டயட்டீஷியனிடம் அனுப்பினார். ஹைதராபாத் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ் அம்மா அவர், பேச்சில் ஊர் உருது கலந்து வரும். அப்பா போன கதையைச் சொன்னேன்.

"ஹவ், ஆமா, அப்பாவுக்கு அடைப்புதான். உங்களுக்கு அடைப்பே இல்லை, பட்டினி! சாப்பாடு கிடைக்காம உடம்பு தன் சதையையே கரைக்குது. இதயமும் சதைதானேப்பா? இளைச்சுப்போயிருக்கு. கைக்கு, எதுக்கு இந்தக் கொடுமை? சாப்பிட்டாத்தான் அது தேறும். ஆனா அவசரம் நக்கோ, வேணாம், கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம்."

ஆஸ்பத்திரியில் கஞ்சியும் பாலும் கொடுத்து, ரத்தத்தைச் சோதித்துச் சோதித்து அளவைக் கூட்டினார்கள். வீட்டுக்கு வந்தபின் முட்டைவரைக்கும் எப்படியோ சமாளித்தேன். நெய்தான் இறங்கவில்லை. சோற்றில் ஒரு ஸ்பூன் ஊற்றி வைத்துக்கொண்டு, அது ஆறிக் கெட்டியாகும்வரை பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்புறம் தட்டோடு எடுத்துக் கொட்டிவிடுவேன். "சாப்பிடுடா எருமை" என்று அதட்ட ஒரு ஆள் இருந்தால் போதும் என்று ஏங்கினேன். அந்த மூன்றாவது மாடியில் நான் எவ்வளவு தனியாக இருந்தேன் என்பது சாப்பிட உட்காரும்போதுதான் உறைத்தது. அம்மாவிடம் ஆஸ்பத்திரி விஷயத்தையே சொல்லவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் மகனுக்கும் நெஞ்சில்தான் கோளாறு என்று எந்த வாயால் சொல்வது?

அடுத்த முறை போனபோது எடை மறுபடி இறங்கியிருந்தது. டயட்டீஷியனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இப்படியே போனா திரும்பவும் அட்மிஷன்தான். இந்தத் தடவை இதயம் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது. வீட்ல யார் இருக்கா?"

"யாரும் இல்லை."

"அம்மாகிட்ட சொல்லியாச்சா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"முதல்ல சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் பருப்புச் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு ஊருக்கு ஃபோன் செய்தேன். விழுந்தது, படுத்தது, நெய்யைக் கொட்டியது எல்லாவற்றையும் சொன்னேன்.  

"ஒங்கப்பா கடேசியா நெய்தான் கேட்டாவ" என்றாள். "நாக்கு செத்துப்போச்சு, ஒரு கரண்டி ஊத்துன்னாவ. நான் குடுக்கல. வாயக் கட்டிட்டுச் சும்மா இருங்கன்னு ஏசிட்டேன். மறுநா காலைல எந்திரிக்கல."

அதுவரை எனக்குத் தெரியாது. 

"எய்யா, நெய் பக்கத்துல இருக்கா?"

"இருக்கும்மா."

"ஊத்து. நீ சாப்ட்டு முடிக்கமட்டும் நான் போன வைக்க மாட்டேன்."

பிசைந்து சாப்பிட்டேன். அம்மா அழுதுகொண்டே இருந்தாள். நானும்தான்.

இதயம் தேறிவிட்டது என்று டாக்டர் சொல்லப் பல மாதங்கள் ஆயின. அன்று தொடங்கிய தினசரி மதிய ஃபோனை அதற்கப்புறமும் அம்மா விடவில்லை. "ஊத்திக்கிட்டியாய்யா?" என்பாள். ஊற்றிக்கொண்டேன் என்பேன். "நீ ஊத்திக்கிட்டியாம்மா?" என்று நான் திருப்பிக் கேட்டால் மட்டும், லைன் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று வைத்துவிடுவாள்.