அக்கா அலுமினியம், நான் பசை மாவு

அன்று சாயங்காலம் வீட்டில் இருந்தவர்கள் அம்மா, அப்பா, அக்கா, நான், டீத்தூள் கேட்டு வந்து போகாமல் உட்கார்ந்துவிட்ட அத்தை. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் அம்மாவுக்கு வேலை. மறுநாள் வாய்மொழித் தேர்வு. தேறினால் மேற்பார்வை வேலை. அந்த அறைக்குள் போக வேண்டியதில்லை. எங்கே சத்தம் கேட்டாலும் கம்பெனி இருக்கும் திசையைப் பார்த்து நின்றுவிடுகிற எனக்கு அதைவிடப் பெரிய வேண்டுதல் கிடையாது.

மருந்துகளை நிறம் பார்த்து எடுத்துத்தான் அம்மாவுக்குப் பழக்கம். தேர்விலோ பேர் சொல்ல வேண்டும். அக்கா படித்துக் காட்டக் காட்ட, அம்மா ஒவ்வொரு பேருக்கும் வீட்டில் ஓர் ஆளை நிறுத்தினாள். அப்பா கரித்தூள். முகம் முழுக்க மஞ்சள் பூசுகிற அத்தை கந்தகம். வெள்ளியாய்ப் பூச்சொரியும் அலுமினியம் அக்கா.

“நான் என்னம்மா?”

“நீ டெக்ஸ்ட்ரின்.”

மருந்தை உருட்டிப் பிடிக்கச் சேர்க்கும் பசை மாவு அது. கம்பெனியில் அதை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அம்மாவின் வாயிலும் அந்தப் பேர் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது.

“பொருத்தமாத்தான் வச்சிருக்கீக மதினி. எந்நேரமும் உங்க சேலையிலதான ஒட்டிக்கிட்டுத் திரியிறா” என்றாள் அத்தை.

“ஏ பசை, தண்ணி கொண்டா” என்றாள் அக்கா.

எனக்கு வயிறு எரிந்தது. புதுப் பாவாடை அவளுக்கு, நல்ல நிறம் அவளுக்கு, இப்போது வெள்ளியும் அவளுக்கா?

“நாளைக்கு ஒருநா மட்டும் என்னைய அலுமினியமா வச்சுக்கம்மா.”

“மாத்துனா எல்லாம் கொழம்பிரும்டி. பேசாம இரு.”

அழுதுகொண்டே சாப்பிடாமல் படுத்துவிட்டேன். படுத்த பிறகுதான் பயம் வந்தது. நான் அழுததில் அம்மாவுக்குக் குழம்பிப்போய்விட்டால்? பசையாகவே இருந்துகொள்கிறேன் என்று எழுந்து போய்ச் சொல்லவும் மனசு வரவில்லை.

மறுநாள் அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். தேறிவிட்டாள். என்ன கேட்டார்கள் என்றார் அப்பா.

“அந்தப் பசை மாவு பேரத்தான் மொதல்ல கேட்டாக. இவ மூஞ்சிய நெனச்சேன், வந்திருச்சு.”

“அக்காவக் கேக்கலையா?” என்றேன்.

கேட்கவில்லையாம். அன்றைக்கு அது ஒன்றுதான் எனக்குச் சந்தோஷம். வாயில் நிற்காத பேருக்கு, தேடாமலே மனசில் வந்து நிற்கிற முகத்தை அம்மா வைத்திருந்தாள் என்பது, எட்டாவதோடு படிப்பை விட்டு, கல்யாணமாகி, நானும் ஒரு பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவரை எனக்குத் தெரியவில்லை.