தொட்டால் ஓடும் மண்

பொய்! தன் உருளைக்கிழங்கு வயலைக் காப்பாற்றவா இங்கெப்ரிக்ட் யோருனின் மாட்டுக்கொட்டகைக்கு மேலுள்ள சரிவில் மண்ணைக் கொட்டினான்? அவன் வயல் ஓடைக்கு அந்தப் பக்கம். மண்ணேற்றிய டிராக்டர் அங்கே போகவே போகாது. நாக்கில் நரம்பில்லாதவர்கள் எதையும் பேசுவார்கள்.

ஊர்க்கூடம் கட்ட ஊரே சேர்ந்து அஸ்திவாரம் தோண்டிய கோடை அது. வந்த மண்ணை எங்கே கொட்டுவது? டிராக்டர்காரன் அவன் என்பதால் எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அந்தச் சரிவின் விளிம்பில் ஒரு பிடி களிமண் எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். முறியாமல் நூலாக நீண்டது.

"நல்ல பசை. தாங்கும்."

"டவுன்லேர்ந்து துளை போட்டு மண்ணைச் சோதிக்கிறவங்க வந்து பாக்கட்டுமே, இங்கெப்ரிக்ட்," என்றாள் யோருன்.

"அவங்க வர்ற வரைக்கும் டிராக்டர் இங்கேயே நின்னா நம்ம வைக்கோல் மழையில அழுகிடும்."

"மண்ணைக் கொட்ட உன் பசுவுங்க கையெழுத்துப் போடணுமாடி?" என்றான் எவனோ. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்; மண்ணை அங்கேயே கொட்டினான்.

மழைக்குப் பிறகு ஒரு காலையில் சரிவு முழுவதும் நழுவியது. யோருன் பால் கொடுக்கப் போயிருந்ததால் பிழைத்தாள். கொட்டகையும் கட்டியிருந்த பசுக்களும் சேற்றோடு போயின.

அப்புறம் வந்த பொறியாளர் ஆழத்திலிருந்து ஒரு துண்டு களிமண்ணை எடுத்து மேசைமேல் நிறுத்தினார். வெட்டிய பாலாடைக்கட்டிபோல் நிமிர்ந்து நின்றது. கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் கிளறினார். தயிராக ஓடியது.

"நீங்க உருட்டினது வெயிலும் பனியும் பட்டு இறுகின மேல்தோல். நூலா நீளும், பாரம் தாங்கும். அடியில இருக்கிறது பழைய கடல் விட்டுப்போன மண்ணு. உப்பெல்லாம் மழையில கரைஞ்சு போச்சு. அதுல பசை கிடையாது. கலைக்கிற வரைக்கும்தான் நிக்கும்; நீங்க கொட்டின பாரம் அதைக் கலைச்சிடுச்சு."

"மண்வெட்டிக்கு அது எட்டாதே," என்றான் இங்கெப்ரிக்ட்.

"எட்டாது. அதுக்குத்தான் துளை போடுறது."

தன் வயலுக்காக வேண்டுமென்றே செய்தான் என்று ஊர் சொன்னபோதும் அவன் மறுக்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் எதிரே யோருனின் கொட்டகை இருந்த வெற்று இடம்.

இலையுதிர் காலத்தில் யோருனே கேக்கோடு வந்தாள்.

"ஊர் பேச்சை விடு. நீ தெரிஞ்சு செய்யலன்னு எனக்குத் தெரியும்."

"ஒரு வாட்டியாவது என்னைத் திட்டேன், யோருன்."

"எதுக்குப்பா?"

"காத்திருன்னு நீ சொன்னே. நான் சிரிச்சேன்."

அவள் காபியை ஊற்றினாள். அவன் குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். வீட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, கட்டிவைத்த பெட்டியோடு த்ரொண்ட்ஹெய்ம் நகரத்துக்குப் போகும் பேருந்துக்காகக் கதவைத் திறந்து வெளியே நடந்தான்.